வெறும் வயிற்றில் முப்பத்து நாலு

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை ஆறரை மணி. புதுக்கோட்டை சாலையில் மூடிக்கிடந்த ஓர் ஆலையின் சிமெண்ட் முற்றத்தில் பன்னிரண்டு கார்கள் வரிசையாக நிற்கும். கார்க்காரர்கள் நாங்கள் பாதித் தூக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்போம். ஒரு பெண்மணி மட்டும் கையில் ஒரு பேனாவும் மடித்த காகிதமுமாக ஒவ்வொரு காரிடமும் வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"வெறும் வயித்துல எவ்வளவு சார்?"

அவர் கேட்டது டயரின் காற்றழுத்தத்தை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவர் அவர். ஓடுவதற்கு முன்னால் குளிர்ந்த டயரில் இருக்கும் காற்று அவர் கணக்கில் வெறும் வயிறு. ஓடி முடித்து, டயர் சூடாகி, காற்று ஏறி நிற்கும் அளவு 'சாப்பிட்டப்புறம்'. "முன்னாடி முப்பத்து ரெண்டு, சாப்பிட்டப்புறம் முப்பத்தஞ்சு. பரவால்ல, கட்டுப்பாட்டுலதான் இருக்கு" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்காமல் எழுதிக்கொள்வார். லேபில் அச்சுப் பிழையால் வீணான ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கம்தான் அவருடைய நோட்டு.

நான் ஒவ்வொரு மாதமும் "முப்பத்து நாலு" என்பேன். என் டயரில் முப்பதுதான் இருக்கும்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம்; அது உண்மையில்லை. பெயரை எழுதினால் யாராவது அவருக்குக் காட்டிவிடுவார்கள். அவர் படித்துவிட்டு, 'பரவால்ல சார், விடுங்க' என்று ஒரு வரி அனுப்புவார். அந்த ஒரு வரியைத் தாங்குகிற தெம்பு எனக்கு இல்லை. திருவானைக்காவலில் அவர் வேலை பார்த்த லேப் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. அவர் கணவரோடு சிங்கப்பூர் போய்விட்டதாகக் கேள்வி. ஸ்ரீரங்கத்திலிருந்து ஆபீசுக்குப் போகும்போது தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகிறேன். பஸ்ஸில் போனாலும் அந்த இடம் வரும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை.

அந்த முற்றத்தில் நாங்கள் நடத்தியதற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். பெரிய ரேஸ் என்று நினைத்துவிட வேண்டாம். முற்றத்தில் ஆரஞ்சு நிறக் கோன்களை வளைத்து வளைத்து வைத்திருப்போம். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் போகும். அந்த வளைசலில் புகுந்து வெளியே வர எத்தனை செகண்டு ஆகிறது என்பதுதான் போட்டி. ஒரு கோனைச் சாய்த்தாலோ, தரையில் அதைச் சுற்றி வரைந்த கட்டத்தை விட்டு நகர்த்தினாலோ இரண்டு செகண்டு சேர்த்துவிடுவார்கள். ஆளுக்கு மூன்று ஓட்டம். ஒவ்வொன்றும் ஐம்பது செகண்டு சொச்சம். ஓர் ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு கறாரான விதி இருந்தது. எந்த டயரில் வீட்டிலிருந்து வந்தாயோ அதிலேயே ஓட்டு, அதிலேயே வீட்டுக்குப் போ. வேறு டயரை வண்டியில் ஏற்றி வந்து மாட்டுகிற வேலையெல்லாம் கூடாது.

எல்லாரும் வைத்திருந்தது வீட்டுக் கார்தான். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளையும் மார்க்கெட்டுக்கு மனைவியையும் கொண்டுபோய் விடுகிற கார். இன்ஜினில் கைவைக்க வசதியும் இல்லை, தைரியமும் இல்லை. ஆகவே எங்கள் பேச்சு முழுக்க டயரைச் சுற்றியே நடக்கும். அந்தப் பேச்சில் நான்தான் ராஜா. எனக்கு 'டயர் டாக்டர்' என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

அவரை அங்கே கூட்டிவந்ததே நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று ஆலைக்காரர் சொல்வார். ஆலைக்காரர் என்றால் அந்த முற்றத்தின் சொந்தக்காரர், எங்களுக்கு நேரம் பார்ப்பவரும் அவர்தான்.

இன்சூரன்ஸ் பாலிசி ஒன்றுக்காக ரத்தப் பரிசோதனை கேட்டார்கள். திருவானைக்காவல் லேபுக்கு வெறும் வயிற்றோடு போய்க் கையை நீட்டினேன். அவர்தான் வலிக்காமல் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். ரிப்போர்ட் வாங்கப் போனபோது சர்க்கரை நூற்று முப்பத்தொன்று என்று இருந்தது. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும்.

குரலைத் தாழ்த்தி, "மேடம், ஒரு இருபது குறைச்சுப் போட்டுக் கொடுங்களேன். வெறும் ஃபார்மாலிட்டிதான்" என்றேன்.

"உங்க ரத்தம் சொன்னதைத்தான் சார் நான் எழுத முடியும்."

"யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தன்னால் ஆகாத ஒரு காரியத்தைக் கேட்டுவிட்டார்களே என்ற சங்கடம்தான் முகத்தில் இருந்தது. "மூணு மாசம் காலையில நடங்க. திரும்ப வாங்க. குறைஞ்சிருந்தா நானே சந்தோஷமா அடிச்சுத் தரேன்."

அவமானமாக இருந்தது. அதை மறைக்க, பெஞ்சில் உட்கார்ந்து ஆலைக்காரருக்குப் போன் போட்டு, கோன், செகண்டு, டயர் என்று சத்தமாகப் பேசினேன். பேசி முடித்ததும், ரிப்போர்ட் கொடுத்தவர் கேட்டார்.

"அதுக்கு லைசென்ஸ் இருந்தா போதுமா சார்?"

அவருடைய கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். போகும்போது காரை விட்டுவிட்டு, 'வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வை, பேட்டரி போயிடும்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சில வாரம் அப்படியே செய்தாராம். "நிறுத்தின இடத்துலயே அது உறுமிட்டு நிக்குறதப் பாத்தா பாவமா இருந்துச்சு சார். அதான் ஓட்டக் கத்துக்கிட்டேன்" என்றார். 'வந்து வேடிக்கை பாருங்க மேடம்' என்று பெருந்தன்மையாக அழைத்தேன். வேடிக்கை பார்க்கத்தான் வருவார் என்று நினைத்தேன்.

முதல் மாதம் அவர்தான் கடைசி. எல்லா ஓட்டத்தையும் மெதுவாக, ஒரு கோனும் விழாமல், ஊசி போடுகிற நிதானத்தோடு முடித்தார். மூன்றாவது மாதம் நாலாவது இடம். ஆறாவது மாதம் எனக்கும் அவருக்கும் அரை செகண்டு வித்தியாசம். அதுவும் கம்பெனியிலிருந்து காரோடு வந்த சாதாரண டயரில். என் காரின் கீழே நான் ஆறு மாதம் ஆராய்ச்சி பண்ணி வாங்கிப் போட்ட டயர் இருந்தது.

அவரிடம் ரகசியமே இருக்காது. முன் டயரின் ஓரத்தில் வெள்ளை சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஓடுவார். வளைவில் டயர் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு தூரம் சாக்பீஸ் அழிந்திருக்கும். அதை வைத்துக் காற்றைக் கூட்டுவார், குறைப்பார். யார் கேட்டாலும், எவ்வளவு வைத்தேன், எந்த வளைவில் எப்போது பிரேக் பிடித்தேன் என்று அப்படியே ஒப்பிப்பார். மற்றவர்கள் ஒன்றிரண்டைக் கூட்டியோ குறைத்தோதான் சொல்லுவோம். அந்த விளையாட்டில் அது ஒரு குற்றமாகவே எங்களுக்குத் தோன்றியதில்லை. 'இந்தம்மாவுக்கு இன்னும் நெளிவு சுளிவு தெரியல' என்று நாங்கள் பேசிக்கொண்டது உண்டு.

ஐப்பசி மாதம் என்று நினைக்கிறேன். அவருடைய மூன்றாவது ஓட்டம் முடிந்தபோது ஆலைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிக் கத்தினார். என்னைவிட மூன்றில் ஒரு பங்கு செகண்டு குறைவு. அன்றைக்கு அவர்தான் முதல். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன், சத்தம் வராமல். அவர் காரை விட்டு இறங்கி நேராக ஆலைக்காரரிடம் வந்தார்.

"சார், கடைசித் திருப்பத்துல பின்சக்கரம் கோனைத் தட்டிடுச்சு. ஆடிட்டு நின்னுடுச்சு. ஆனா கட்டத்தை விட்டு வெளிய நகந்துருச்சு. ரெண்டு செகண்டு சேத்துக்குங்க."

"யாரும் பாக்கலையேம்மா" என்றார் ஆலைக்காரர்.

"சீட்டுல தெரிஞ்சுது சார்."

போய்ப் பார்த்தார்கள். கோன், வரைந்த கட்டத்திலிருந்து நாலு விரல்கடை தள்ளித்தான் நின்றிருந்தது. அந்தக் கோனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன் நான்தான். எனக்கு அது தெரிந்திருந்தது. அவர் சொல்லாவிட்டால் நான் சொல்வதற்கு வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டதால் அன்றைய முதலிடமும் எனக்கு வந்தது, நல்லவன் என்ற பெயரும் எனக்கு மிச்சமாயிற்று. டீ வாங்கிக்கொடுத்தேன். "உங்களுக்குத்தான் சார் இன்னைக்கு டைம் சுத்தமா இருந்துச்சு" என்று சொல்லி அதைக் குடித்தார். 

அதே நாளில்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவருடைய டயர்கள் தேய்ந்துவிட்டிருந்தன. பள்ளத்துக்குள்ளே தேய்மானத்தைக் காட்ட ஒரு சின்ன மேடு இருக்கும். ரப்பர் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆகவேண்டும்.

"மார்கழி ஃபைனலுக்குள்ள நாலும் மாத்திடலாம்னு இருக்கேன் சார். என்ன டயர் வாங்கலாம், சொல்லுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

மார்கழி ஃபைனலில் ஜெயிப்பவர்தான் எங்கள் குழுவின் சார்பில் கோயம்புத்தூரில் நடக்கும் போட்டிக்குப் போவார். எனக்கு அது ஒரு பெருமை, அவ்வளவுதான். அவருக்கு வேறு கணக்கு இருந்தது. பொங்கலுக்குக் கணவர் வருகிறார். மனைவி இப்படிக் கோன்களுக்கு நடுவே பறக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. 'சொல்லலையா?' என்று கேட்டேன். "காரை ஸ்டார்ட் பண்றியான்னு கேப்பார் சார். பண்றேன்னு சொல்வேன். வேற ஒண்ணும் அவர் கேக்கலையே" என்றார். கோயம்புத்தூருக்கு அதே காரில் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டும், அங்கே போனதும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

டயரைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்குப் பரிந்து பேசிவிடக் கூடாது. அகலமான டயர்தான் நல்லது என்று பொதுவாக நினைப்பார்கள். ரிம்முக்குப் பொருந்தாத அகலம் போட்டால் வளைவில் பிதுங்கி மடங்கும். பக்கச்சுவர் விறைப்பாக இருந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனே கார் திரும்பும்; பதிலுக்கு வீட்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு குழியும் இடுப்பில் தெரியும். ரப்பர் மென்மையாக இருந்தால் தரையைக் கவ்வும், சீக்கிரம் தேயும். எவ்வளவு மென்மை என்பதற்கு டயரின் பக்கவாட்டில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். எண் குறையக் குறைய மென்மை. இதை அவருக்கு முதலில் காட்டியபோது, "பாத்தீங்களா, இதுக்கு ரிப்போர்ட்டை உடம்புலயே ஒட்டி அனுப்புறாங்க" என்று சந்தோஷப்பட்டார்.

ஆனால் அந்த எண் சொல்லாத ஒன்று உண்டு. சில டயர்கள் போட்ட உடனே பிடிக்கும். சில டயர்கள் நன்றாகச் சூடேறிய பிறகுதான் பிடிக்கும். அதற்குமுன் வழவழவென்று வழுக்கும். பெரிய ரேஸ் டிராக்கில் பத்து சுற்று ஓடுகிறவனுக்கு இரண்டாவது வகை பிரமாதம். எங்களுக்கோ ஐம்பது செகண்டு ஓட்டம், அரைமணி நேரக் காத்திருப்பு. டயர் சூடேறுவதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை இது. முந்தின வருஷம் ஒரு செட் வாங்கி, இரண்டு மாதம் வழுக்கி, யாருக்கும் தெரியாமல் பாலக்கரை டயர் கடைக்காரரிடமே திருப்பி விற்றுத் தெரிந்துகொண்டது.

அந்த டயரைத்தான் அவருக்குச் சொன்னேன்.

"எண்ணைப் பாருங்க மேடம், என்னோடதைவிடக் குறைச்சல். டிராக்ல ஓட்டுறவங்க எல்லாம் இதைத்தான் போடுறாங்க."

"நீங்க ஏன் சார் இதைப் போடல?"

"என்னோடது இன்னும் தேயலையே."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எண் குறைச்சல்தான். டிராக்கில் அதைத்தான் போடுகிறார்கள். என் டயர் தேயவும் இல்லை. எண் பொய் சொல்லாது என்று நம்பிய ஒருவரை எண்ணை வைத்தே ஏமாற்றினேன். ஏன் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பொறாமைதான். வேறு கௌரவமான வார்த்தை கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

கார்த்திகை ஓட்டம் முடிந்த கையோடு, அவர் வீட்டில் பழைய ஃப்ரிட்ஜை மாற்றுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு அந்த நாலு டயரையும் வாங்கினார். மாட்டிய அன்றே எனக்குப் படம் அனுப்பினார். 'ரொம்ப நன்றி சார்' என்று கீழே எழுதியிருந்தார். கும்பிடு போடும் கைப் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

மார்கழி ஞாயிறு. நம் ஊரில் குளிர் என்று ஒன்று உண்டென்றால் அந்த இரண்டு மணி நேரம்தான். சிமெண்ட் தரை சில்லென்று இருந்தது. முதல் ஓட்டத்தில் இரண்டாவது வளைவிலேயே அவருடைய கார் நேராகப் போய் மூன்று கோன்களைச் சாய்த்தது. அவருடைய ஓட்டத்தில் கோன் விழுந்து நாங்கள் பார்த்ததே கிடையாது.  இறங்கி வந்து டயரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. காற்றைப் பார்த்தார். "இன்னும் வெறும் வயித்துல இருக்குற மாதிரியே காட்டுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டாவது ஓட்டத்தை மெதுவாக ஓட்டினார். நேரம் ஏறிப்போனது. மூன்றாவதுக்கு முன்னால் என்னிடம் வந்தார். கையில் அந்தக் காகிதம் இருந்தது.

"சார், முடிக்கிற எடத்துக்கு வரும்போதுதான் டயர் லேசாப் பிடிக்கவே ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. நான் என்ன தப்பு பண்றேன்?"

வியாதியின் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவரே சரியாகச் சொல்லிவிட்டார். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். மூன்று கிலோமீட்டர் பைபாஸில் வேகமாக ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வாங்க என்றாவது சொல்லியிருக்கலாம். முதல் தப்பைப் பொறாமையின் மேல் போடலாம். அந்த நிமிஷத்துத் தப்பை எதன் மேல் போடுவது?

"புது டயர் இல்லையா மேடம். பிராக்டிஸ்தான். கை பழகணும்" என்றேன்.

"டயர் நல்ல டயர்தான். எனக்குத்தான் கை வரல" என்று தலையாட்டிக்கொண்டு போனார். மூன்றாவது ஓட்டத்தில் கார் முழுசாகச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. அவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் முதல். அவர் கடைசி.

கோயம்புத்தூரில் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தேன். அது பெரிய விஷயமில்லை. பொங்கல் முடிந்து அவரைப் பார்த்தபோது, பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, "வீட்டுக்காரர்கிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"சொன்னேன் சார். ஓட்டினேன், கடைசியா வந்தேன்னு சொன்னேன்" என்றார். "டயருக்கு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டார். அதையும் சொன்னேன்."

அதற்குக் கணவர் என்ன சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அவர் மாதம் தவறாமல் வந்தார். வழுக்கினார், கோன்களைத் தட்டினார், தானே எண்ணிச் சொன்னார், எழுதிக்கொண்டார். தையும் மாசியும் போயின. பங்குனியில் வெயில் ஏற ஏற அவருடைய மூன்றாவது ஓட்டம் மட்டும் கொஞ்சம் தேறியது. அதையும் எழுதிக்கொண்டார். அந்தத் தாள்கள் சேரச் சேர நான் அவற்றைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். சோதனைக் குழாயில் ரத்தத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கப் பழகிய பெண்மணி. விடை வராமல் விடமாட்டார்.

சித்திரை மாத ஞாயிறு. உறையூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். என் காருக்குப் பக்கத்தில் அவருடைய கார். பேனாவோடு வந்தவர் உறையூர்க்காரரிடம் வெறும் வயிற்றுக் கேள்வியைக் கேட்டார். அவருக்குப் புரியவில்லை. விளக்கினார். உறையூர்க்காரர் பேச்சுவாக்கில், எதிரே நின்ற அந்தப் பெண்மணியின் காரின் டயரைப் பார்த்துவிட்டார்.

"அட, இது ரேஸ்காரங்க போடுற டயராச்சேங்க! இதையே நானும் வாங்கிடவா?"

"வேணாங்க. நம்ம ஓட்டத்துக்கு இது ஆகாது" என்றார். "இது சூடானாத்தான் பிடிக்கும். நமக்கு ஐம்பது செகண்டு. சூடாகுறதுக்குள்ள முடிஞ்சிரும். அஞ்சு மாசமா எழுதிப் பாத்துட்டேன். எண்ணை மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க."

என் காரின் பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டேன். அங்கே எனக்கு எந்த வேலையும் இல்லை.

"அப்ப நீங்க எப்படிங்க இதை வாங்குனீங்க? யாராவது தப்பாச் சொல்லிட்டாங்களா?"

 பானெட்டுக்குள்ளே என் மூச்சு எனக்கே கேட்டது. வரட்டும், சொல்லிவிடட்டும், தொலையட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் படத்தைப் பாத்து ஆசைப்பட்டு வாங்கிட்டேன்" என்றார்.

இருபது புள்ளியைக் குறைத்து எழுதுங்கள் என்று கெஞ்சியபோது முடியாது என்றவர். யாருமே பார்க்காத கோனுக்கு இரண்டு செகண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அது. நான் கேட்காமலே எனக்காகச் சொன்னது.

"அப்ப எதைத்தான் வாங்குறது?" என்றார் உறையூர்க்காரர்.

"சாரைக் கேளுங்க. அவருக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும்."

பானெட்டிலிருந்து தலையை எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறையூர்க்காரரிடம் சொன்னேன். உடனே பிடிக்கிற ரப்பராகப் பாருங்கள், ரிம்முக்குப் பொருந்துகிற அகலத்தை மீறாதீர்கள், பக்கச்சுவர் விறைப்பாக இருக்கட்டும் என்று, ஐப்பசியில் சொல்லியிருக்க வேண்டிய ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொன்னேன். நான் போட்டிருந்த டயரின் பெயரைச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவர் பக்கத்திலேயே நின்று கடைசி வார்த்தை வரை கேட்டார்.

"ஆமா, அதுதாங்க சரி" என்று உறையூர்க்காரரிடம் சொன்னார்.

பாலக்கரைக் கடைக்காரர் உளறினாரா, அவருடைய காகிதங்களே சொல்லிக்கொடுத்தனவா, எப்போதிலிருந்து அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் என்னை 'சார்' என்றார், என் டீயைக் குடித்தார் என்பது மட்டும் தெரியும்.

உறையூர்க்காரர் தன் டயரைக் குனிந்து பார்க்கப் போய்விட்டார். அடுத்த கார் என்னுடையது. அவர் பேனாவைத் திறந்துகொண்டு வந்து என் முன்னால் நின்றார். முகத்தில் புதிதாக ஒன்றும் இல்லை.

"வெறும் வயித்துல எவ்வளவு சார்?"

மன்னிப்புக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை என்பது தெரிந்துதானோ என்னவோ, ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் போதும் என்கிற அளவுக்கு அதைச் சின்னதாக்கிக் கையில் கொடுத்தார். முப்பது. அதைச் சொல்லியிருந்தால் போதும். அவர் எழுதிக்கொண்டிருப்பார். மற்றதெல்லாம் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும்.

"முப்பத்து நாலு" என்றேன்.

பழக்கம்தான். நினைப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகாவது திருத்தியிருக்கலாம். நான் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரிங்க சார்" என்றார். எழுதவில்லை. பேனாவை மூடினார். அடுத்த காருக்குப் போனார். அங்கே ஆலைக்காரரின் தம்பி "முப்பத்தொண்ணு, அக்கா" என்று சொல்வது கேட்டது. பேனா திறக்கும் சத்தமும் கேட்டது.